அட்டையின் பின்பக்கம்

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டை இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. தண்ணீர் பட்டு உப்பி, பிறகு காய்ந்து, ஓரமெல்லாம் நெளிந்துபோனது. அதன் முன்பக்கத்தில் அச்சடித்த கட்டங்கள் உண்டு: கட்டடத்தின் பெயர், தெரு, எத்தனை மாடி, லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், யாரிடம் பேச வேண்டும். அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மேலே தெரிவது பின்பக்கம். அதில் சிவப்பு மையில், குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருக்கிறது: “கீழே மெயினை அணைச்சா ஜெனரேட்டர் தானாக் கிளம்பிடும். அந்த கரண்ட் நேரா லிஃப்டுக்குப் போறது. குழிக்குள்ள இருக்கற சிவப்பு பட்டன் வேலை செய்யலை, நம்பாதே. வாட்ச்மேன்கிட்ட ஜெனரேட்டர் சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுண்ட அப்புறம்தான் குழியில் இறங்கணும்.” அதற்குக் கீழே, வலது மூலையில், பென்சிலில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதன் மேல் என் பேனா ஸ்டாண்டை வைத்திருக்கிறேன். கூட்டிப் பெருக்கும் அம்மா மேஜையைத் துடைக்கும்போது ஸ்டாண்டை நகர்த்தினால், அவர் அந்தப் பக்கம் போனதும் முதல் வேலையாக அதைத் திரும்ப இழுத்து வைத்துவிடுவேன்.

எழுதியவர் எங்கள் ஆபீசின் கம்ப்ளைண்ட் மாமி. தி.நகரில், பனகல் பூங்காவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். லிஃப்டுகளைப் பராமரிப்பது தொழில். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருகிற ஒவ்வொருவரும் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். நாங்களும் முதன்முறையாகக் கேட்பதுபோலச் சிரித்துவைப்போம். அடையாறு, மயிலாப்பூர், ராயப்பேட்டை, கோட்டூர்புரம் என்று சுமார் அறுநூறு கட்டடங்கள் எங்கள் கையில். எங்கே லிஃப்ட் நின்றாலும் மணி அடிப்பது மாமியின் மேஜையில்தான். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. காலை ஒன்பதுக்கு வந்தால் மாலை ஆறரைக்குத்தான் எழுந்திருப்பார். இருபத்தாறு வருஷ வேலையில் அவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழி ஒன்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக் கதவு கீச்சிடும், எங்கே செகரட்டரி ஊருக்குப் போனால் மொட்டைமாடிச் சாவி கிடைக்காது, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்பதுகூடச் சரியில்லை, அவரிடம் இருக்கும். ஆறு மர இழுப்பறைகளில், தெருப் பெயர் வரிசையில்.

அவருடைய வழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு மெக்கானிக்குகள் வேலைச் சீட்டைக் கொடுக்க வருவார்கள். சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். படிக்கவே மாட்டார். எதிரில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார வைத்து ஒரே கேள்விதான்: “சீட்டுல எழுதாம விட்டது என்ன, அதைச் சொல்லு.” ஒன்றும் இல்லை என்று சொன்னால் விடமாட்டார். காபி வரும், வந்த காபி தீரும்வரைக்கும் உட்கார வேண்டும். அதற்குள் ஏதாவது ஒன்று வாயிலிருந்து வந்துவிடும். வந்ததை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஆபத்து என்றால் சிவப்பு மை, மற்றதெல்லாம் நீலம். கடைசியில் பென்சிலில் யார் சொன்னது, எப்படிச் சொன்னார் என்று ஒரு குறிப்பு. “கோவமாச் சொன்னார், பாதிதான் நிஜமா இருக்கும்.” “தூக்கக் கலக்கம், நாளைக்கு மறுபடி கேக்கணும்.” இதைப் பார்த்து நாங்கள் கேலி செய்யாத நாள் கிடையாது.

அதிகம் கேலி செய்தவர் பாய். ராயப்பேட்டைக்காரர். எங்கள் மெக்கானிக்குகளிலேயே கைதேர்ந்த ஆள். ரிலே ஓசையைக் காதால் கேட்டே என்ன பழுது என்று சொல்லிவிடுவார். “இன்னா மாமி, அந்த வூட்டு நாய் என் பேண்ட்ட கவ்விக்கினு வுட மாட்டேன்னிச்சு, இத்தகூடவா எய்திக்கினு கீறீங்க?” என்பார். “ஆமா பாய், அடுத்த தடவை போறவன் கடிபடாம வரணுமோல்லியோ?” என்று மாமி எழுதிக்கொண்டே பதில் சொல்வார். பாய்க்கு மட்டும் சர்க்கரை இல்லாத காபி. அது எந்த அட்டையிலும் எழுதப்படாமலேயே அவருக்கு ஞாபகம் இருந்தது.

நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன்தான். படிப்பு முடித்துப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்த முதல் மூன்று வருஷம் குழிகளிலும் மொட்டைமாடி மெஷின் அறைகளிலும் கிடந்தேன். எத்தனை குழிகள்! எல்லாவற்றிலும் ஒரே கிரீஸ் நாற்றம், ஒரே கரப்பான்கள். ஒருமுறை எங்கோ குழியில் இருந்தபோது தலைக்கு மேல் லிஃப்ட் ஒரு அடி அசைந்ததும், நான் எகிறி வெளியே வந்து விழுந்ததும் ஞாபகம் இருக்கிறது. எந்தக் கட்டடம் என்பது ஞாபகம் இல்லை. அந்த வயதில் அதெல்லாம் சாயங்காலம் சொல்லிச் சிரிப்பதற்கான சமாச்சாரம். அப்புறம் மேஜை கிடைத்தது, குளிர்சாதன அறை கிடைத்தது, மேனேஜர் என்று அட்டைப் பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு வந்தது. குழியை மறந்துவிட்டேன்.

மேனேஜரானதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. நிறுவனத்தின் அறிவையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், ஒரு மாமியை நம்பிக் கம்பெனி நடக்கக் கூடாது. நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மாமிக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும் ஆபீஸ் தடுமாறியதை முதலாளியே பார்த்திருக்கிறார். ஆகவே தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியைப் பிடித்தோம். மெக்கானிக்கின் போனில் ஓர் ஆப். புகார் வந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குத் தானாகப் போகும். வேலை முடிந்ததும் காரணத்தைப் பட்டியலிலிருந்து தொட வேண்டும். பதினான்கு காரணங்கள், பதினைந்தாவது ‘மற்றவை’. முதலாளிக்கு நான் போட்டுக் காட்டிய படங்களில் ‘அறிவு’ என்ற சொல் பக்கத்துக்கு மூன்று முறை வந்தது. அவருக்குப் பரம திருப்தி. “விஜயதசமியன்னிக்கு ஆரம்பிச்சுடணும், நல்ல நாள், தள்ளிப்போடாதே” என்றார்.

விஜயதசமிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அட்டைகளைக் கணினியில் ஏற்ற இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்பக்கக் கட்டங்கள் மளமளவென்று ஏறின. பின்பக்கத்தில்தான் வண்டி நின்றது. மாமியின் எழுத்து, மாமியின் பாஷை, நாய், சாவி, காவலாளியின் குடிப்பழக்கம், பென்சில் வம்பு. ஒரு நாளைக்கு இருபது அட்டைகூடத் தேறவில்லை. தரமணியிலிருந்து வந்த ஆள், “சார், இது எந்தக் கட்டத்துலயும் அடங்காது சார்” என்று கையை விரித்தார். மாமி தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து, “பின்பக்கம்தான்டா முக்கியம். முன்பக்கம் அந்தக் கட்டடத்து வாசல்லயே எழுதியிருக்கு” என்றார். நாலு பேருக்கு முன்னால் என்னை ‘டா’ போட்டதில் எனக்குச் சுருக்கென்றது. இதை மறைப்பானேன்? அந்த எரிச்சலில்தான் சொன்னேன்: “முன்பக்கம் போதும். பின்பக்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.” இரண்டே வாக்கியம். அப்புறம் என்ற ஒன்று எங்கள் ஆபீசில் எப்போதும் வந்ததில்லை.

சரஸ்வதி பூஜையன்று வழக்கம்போல ஸ்பேனர், டெஸ்டர், வேலைச் சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் வைத்தோம். மாமி தன் ஆறு இழுப்பறைகளையும் கொண்டுவந்து வைத்து ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் இட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்துப் பிரித்து ஒரு வரியாவது படிக்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாள் என் மேஜையில் புதுத் திரை ஒளிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். இழுப்பறைகளை யாரும் திறக்கவில்லை. பத்து நாளில் மாமிக்குச் சால்வை போர்த்தி அனுப்பினோம். படியிறங்கும்போது, “மழைக்கு முன்னாடி அந்தச் சிவப்பு மை போட்டதை மட்டுமாவது ஏத்திடுங்கோ” என்று மரியாதையாகச் சொன்னார். அவர் என்னை ‘ங்கோ’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அது எனக்கு உறைக்கவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் அமோகம். ஐந்தரை மணி ஸ்டூல் ஒழிந்ததால் ஆளுக்கு இரண்டு புகார் கூடுதலாக முடிந்தது. திரையில் பச்சைக் கோடு நாளுக்கு நாள் மேலே போனது. முதலாளி அதைப் போனில் படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்பினார். மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன்: காரணங்களில் பாதிக்கு மேல் ‘மற்றவை’. முடிந்ததாகச் சொன்ன கட்டடங்களிலிருந்தே திரும்பத் திரும்பப் புகார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது புதுப் புகாராகக் கணக்கில் ஏறி, புதிதாக முடிந்து, பச்சைக் கோட்டை இன்னும் மேலே தள்ளியது. வேலை கெட்டுப்போகப்போக எண்கள் நன்றாகிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் எங்கோ நெருடியது. சரி, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மெக்கானிக்குகள் சந்தேகம் வந்தால் மாமியின் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். மாமியும் குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி காதில் இது விழுந்தால் இத்தனை செலவு எதற்கு என்று கேட்பாரே! உடனே ஓர் உத்தரவு அடித்து எல்லார் போனுக்கும் அனுப்பினேன்: பழைய ஊழியர்களிடம் வேலை சம்பந்தமாகப் பேசக் கூடாது, மீறினால் நடவடிக்கை. அனுப்பிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். வெளியே முதல் மழை தொடங்கியிருந்தது.

நாலு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கோட்டூர்புரத்தில், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குடியிருப்பிலிருந்து புகார் வந்தது: குழியில் தண்ணீர், லிஃப்ட் முதல் மாடியில் நிற்கிறது. ஆப் பக்கத்தில் இருந்தவருக்கு அனுப்பியது. பாய் அன்று ஏதோ வேலையாக நந்தனத்தில் இருந்தார். அவர் வழக்கமாகப் பார்ப்பது ராயப்பேட்டையும் மயிலாப்பூரும். அந்தக் கட்டடத்துக்குள் அவர் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. முறையாகத்தான் எல்லாம் செய்தார். மெஷின் அறையிலேயே லிஃப்டை அணைக்க மொட்டைமாடிச் சாவி கேட்டார், இல்லை என்றார்கள். கீழே மெயினை அணைத்தார். கதவைத் திறந்து, குழியில் இறங்கியதும் லிஃப்டை நகரவிடாமல் நிறுத்தும் சிவப்பு பட்டனை அமுக்கினார். பம்பை வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் குனிந்தார். கரண்ட் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு பின்புறத்தில் ஜெனரேட்டர் கிளம்பியது. லிஃப்ட் முதல் மாடியிலிருந்து கீழே வந்தது.

மூலையில் ஒடுங்கிக்கொண்டதால் உயிர் தப்பியது. வலது கால் தப்பவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், மனுஷன்! “படுங்க பாய்” என்று தோளைப் பிடித்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “புது எடம், ஒண்ணும் பிரியல சார். மாமிக்கு ஒரு போன் போட்லாம்னு போன கையில எட்த்தேன். நீங்கதான் வேணான்னு அனுப்ச்சிருந்தீங்களே.” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

வராந்தாவில் மாமி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு ஃபிளாஸ்க். சர்க்கரை இல்லாத காபியாகத்தான் இருக்கும். நான் அருகில் போனதும் ஏறிட்டுப் பார்த்தார். “உனக்குத் தெரியுமேடா அந்தக் கட்டடம். நீ எப்படி விட்டே?” என்றார். மேனேஜர் என்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். மற்ற கட்டடங்களில் இப்படி எங்கெங்கே என்ன என்று ஞாபகத்திலிருந்து சொல்ல முடியுமா என்று கெஞ்சினேன். ஒரு பத்துப் பதினைந்து சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். “எழுதி வெச்சதை யாராவது மனசுலயும் வெச்சுப்பாளா? மறக்கலாம்னுதானேடா எழுதறோம்” என்றார்.

ஆபீசுக்கு ஓடினேன். இழுப்பறைகள் இருந்த இடத்தில் புது நாற்காலிகள் இருந்தன. இடம் அடைக்கிறது என்று ஐந்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். கையெழுத்துப் போட்டு அனுமதித்தது யார் என்று கேட்டேன். “நீங்கதான் சார்” என்றார்கள். ஆறாவது மட்டும் மிச்சம். குடிதண்ணீர் கேனுக்கு உயரம் பற்றவில்லை என்று அதைக் கவிழ்த்துக் கேனுக்கு அடியில் வைத்திருந்தார்கள். கேனை இறக்கி இழுப்பறையை நிமிர்த்தினேன். மேலே மாமி இட்ட குங்குமம் தண்ணீரில் கரைந்து திட்டுத் திட்டாக ஊறியிருந்தது. உள்ளே பாதி அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகக் கிடந்தன. கோட்டூர்புரத்து அட்டை ஓரத்தில் இருந்ததால் பிழைத்திருந்தது. சிவப்பு வரிகளைப் படித்தேன். பாயின் கால் அந்த நாலு வாக்கியங்களில் இருந்தது. பிறகு மூலையில் இருந்த பென்சில் வரியைப் படித்தேன். முதலில் என் பெயர். அதை அடுத்து: “சிரிச்சுண்டே சொன்னான். நேக்குத்தான் குலை நடுங்கித்து.”

கேன் வழிந்து நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தலைக்கு மேல் ஒரு அடி அசைந்ததே, அந்த லிஃப்ட் இதுதான். நான் கண்டுபிடித்தது; நான் சொன்னது. ஸ்டூலில் காபி தீர்வதற்குள் சொல்லிவிட்டு, மாமி எழுதிக்கொண்டார் என்ற தைரியத்தில் மறந்துபோனது. அப்புறம் அவர் எழுதியதை வேண்டாம் என்றதும் நான்தான்.

பாய் இப்போது ராயப்பேட்டையில் தம்பியின் கடையில் உட்கார்ந்து மிக்ஸி பழுது பார்க்கிறார். கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் போனால், “வாங்க சார், குந்துங்க” என்று தன் ஸ்டூலையே தள்ளிவிடுவார். உட்கார எனக்குத் தைரியம் வருவதில்லை. ஆபீசில் ஐந்தரை மணி வழக்கத்தை மறுபடி கொண்டுவந்துவிட்டேன். அட்டை அச்சடித்தாயிற்று, சிவப்பு மை வாங்கியாயிற்று, காபியும் வருகிறது. ஆட்கள் வந்து எதிரில் உட்காருகிறார்கள். எழுதாமல் விட்டது என்ன என்று கேட்கிறேன். காபியைக் குடித்துவிட்டு, “ஒண்ணும் இல்ல சார்” என்று எழுந்து போகிறார்கள். ஒரு வருஷமாக இதே பதில். சொன்னதெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய் முடியும் என்று அவர்களுக்குத் தெரியாதா? அறுநூறு கட்டடங்களில் எத்தனை குழிகளில் என்ன காத்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. மழைக்காலம் திரும்பவும் வந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் பாயோடு எட்டு வருஷம் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் கடைசியாக வந்தார். சட்டை தோள்வரை நனைந்திருந்தது, வலது கையில் தோல் சிராய்ந்து இரத்தம் கட்டியிருந்தது. கேட்டேன். “ஒண்ணும் இல்ல சார்” என்று சிரித்தார். அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. எழுந்திருக்கப் போனவரை, “உட்காருப்பா, இதைப் படிச்சிட்டுப் போ” என்றேன். பேனா ஸ்டாண்டை எடுத்துக் கீழே வைத்தேன். அவர் கண்ணாடிமேல் குனிந்து சிவப்பு வரிகளைப் படித்தார், பிறகு மூலையைப் படித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்து என் பெயரைப் படித்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. சிராய்ந்த கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அடையார்ல ஒண்ணு கீது சார்.”